கோதுமை ஒன்று, ஒவ்வாமை பல
(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



கோதுமை எங்கள் மண்ணில் விளையும் தானியமல்ல. ஆனாலும் கண்டி நகரத்துப் பேக்கரிப் பாண் முதல் தோட்டத்து லயன்களில் காலையில் சுடும் ரொட்டி வரை, கோதுமை மா இல்லாத நாள் எமக்கு அரிது. ஆகவே "எனக்குக் கோதுமை ஒத்துக்கொள்ளாது" என்று ஒருவர் வந்தால், அது எந்த வகை என்பதையே மருத்துவர்களாகிய நாங்கள் முதலில் தேடுகிறோம்.

சிறு பிள்ளைக்குப் பிஸ்கட் கொடுத்த சில நிமிடங்களில் தோல் தடித்து வாந்தி வந்தால், கோதுமைக்கு எதிரான ஐ.ஜீ.ஈ என்னும் பிறபொருளெதிரியை இரத்தத்தில் தேடுவோம். இவ்வகை பலருக்கு வளர வளர நீங்கிவிடும். நெடுநாள் வயிற்றோட்டம், இரத்தச்சோகை, எடை குறைதல் என்றால் சீலியாக் நோயை நினைப்போம். அது ஒவ்வாமை அல்ல. அதற்குப் பார்ப்பது ஐ.ஜீ.ஏ வகைப் பிறபொருளெதிரி. அந்தப் பரிசோதனைக்கு முன்னரே கோதுமையை நிறுத்திவிட்டால் முடிவு பிழைத்துவிடும்.

மூன்றாவது வகையும் ஆபத்தானது. ரொட்டி சாப்பிட்டால் ஒன்றும் செய்யாது. மலை ஏறினாலும் ஒன்றும் செய்யாது. சாப்பிட்டுச் சில மணித்தியாலங்களுக்குள் மலை ஏறினால் உடல் தடித்து, மூச்சு முட்டி, மயங்கி விழ நேரும். அஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகளும் இதைத் தூண்டும். இவர்களில் பெரும்பாலானோரின் இரத்தத்தில் ஒமேகா-5 கிளையடின் என்ற கோதுமைப் புரதத்துக்கு எதிரான ஐ.ஜீ.ஈ இருக்கும். முழுக் கோதுமைக்கான வழமையான பரிசோதனை சிலரில் இதைத் தவறவிடும்.

யப்பானில் கோதுமைப் புரதம் சேர்த்த முகச் சவர்க்காரம் ஒன்றினால் 2000-க்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் பெண்கள், கோதுமை ஒவ்வாமைக்கு ஆளானார்கள். அச்சவர்க்காரம் 2011-இல் மீளப்பெறப்பட்டது. அவர்களில் பலருக்கு ஒமேகா-5 எதிரி குறைவாகவே இருந்தது. தோல் வழியே வந்த இந்த ஒவ்வாமை வேறு வகை என்பதற்கு அது சான்றாயிற்று. சவர்க்காரத்தை நிறுத்தியபின் பலர் தேறினார்கள்.

ஆனால் இரத்தம் மட்டும் தீர்ப்புச் சொல்லாது. ஐ.ஜீ.ஈ இருந்தும் நலமாகப் பாண் சாப்பிடுவோர் உண்டு. உணவுகளுக்கென விற்கப்படும் ஐ.ஜீ.ஜீ பரிசோதனையோ, நாம் எதைச் சாப்பிட்டோம் என்பதைத்தான் காட்டும், ஒவ்வாமையைக் காட்டாது. எனவே என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு, பிறகு என்ன வேலை செய்தீர்கள், என்ன மாத்திரை எடுத்தீர்கள் என்பதை எழுதிக்கொண்டு மருத்துவரிடம் வாருங்கள்.

சகோதரிகளே, எம்மில் பலர் ஆசிரியைகள், பலர் தாய்மார். ரொட்டி சாப்பிட்டுவிட்டு விளையாட்டுப் போட்டியில் ஓடிய பிள்ளை தடித்துச் சுருண்டு விழுந்தால், "பசி மயக்கம்" என்று விட்டுவிடாதீர்கள். பிள்ளையைப் படுக்கவையுங்கள், மூச்சு முட்டினால் சாய்த்து உட்காரவையுங்கள். 1990 சுவசெரிய வண்டியை அழையுங்கள். உயிர் காப்பது தொடைத் தசையில் உடனே ஏற்றும் அட்றினலின் ஊசி. எந்த வகை என்ற ஆராய்ச்சி அதற்குப் பிறகுதான்.