ரொடீசியாவும் ஏழாங்கட்டைத் தோட்டமும்

(ஈப்போவில் நடந்த குடும்ப ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ரொடீசியா என்றொரு நாட்டை எங்கள் காலத்துப் பிள்ளைகள் பள்ளியில் படித்தோம். இன்று உலக வரைபடத்தில் தேடினாலும் கிடைக்காது. ஆப்பிரிக்காவின் தெற்கே இருந்த நாடு அது.

அந்தப் பெயர் எப்படி வந்தது? செசில் ரோட்ஸ் என்ற வெள்ளைக்காரர் வைரச் சுரங்கத்தில் பெரும் பணம் சேர்த்தவர். 1889-இல் பிரிட்டிஷ் அரசின் சாசனத்தோடு ஒரு கம்பெனி தொடங்கினார். மறு ஆண்டே கம்பெனியின் ஆயுதப் படை அந்த மண்ணில் நுழைந்தது. 1895-இல் நாட்டுக்கே அவர் பெயரைச் சூட்டிவிட்டார்கள். கடைக்குப் பெயர்ப்பலகை மாட்டுவதுபோல ஒரு நாட்டுக்கு! அங்கே காலங்காலமாக வாழ்ந்த மக்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த நாட்டில் சுண்ணாம்பும் சாந்தும் இல்லாமல், கல்லின்மேல் கல் அடுக்கிக் கட்டிய பெரிய கோட்டைச் சுவர்கள் இருக்கின்றன. சோனா மக்களின் முன்னோர் பல நூறு ஆண்டுகளுக்கு முன் கட்டியவை. அதைக் கறுப்பர்கள் கட்டியிருக்க முடியாது, வெளியூரிலிருந்து யாரோ வந்து கட்டினார்கள் என்று வெள்ளையர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 1929-இல் கெர்ட்ரூட் கேட்டன்-தாம்சன் என்ற ஆங்கிலப் பெண் ஆய்வாளர் தோண்டிப் பார்த்து, இது ஆப்பிரிக்கர் கட்டியதுதான் என்று உறுதியாகச் சொன்ன பிறகும் அந்தப் பேச்சு ஓயவில்லை. நிலத்தை எடுத்தவனுக்கு, நிலத்துக்காரனின் பழைய கதை இடைஞ்சல்தானே!

அந்தக் கல்வீடுகளின் பெயர்தான் சிம்பாப்வே. விடுதலைக்குப் போராடியவர்கள் 1961-லேயே தங்கள் கட்சியின் பெயரில் அதைச் சேர்த்துக்கொண்டார்கள். 1980 ஏப்ரல் 18-இல் அதுவே நாட்டின் பெயரானது. சட்டத்தில் வருவதற்கு 19 ஆண்டுகளுக்கு முன்பே அவர்கள் எழுதத் தொடங்கிவிட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். தலைநகர் சாலிஸ்பரி, 1982-இல் ஹராரே ஆனது.

அதே 1982-இல் நம் பேராக்கிலும் ஒரு பெயர் மாறியது. பினாங்கின் துணை ஆளுநராக இருந்த ஆன்சன் துரையின் பெயரால் தெலுக் ஆன்சன் என்று வழங்கிய ஊர், தெலுக் இந்தான் ஆனது. அதுவும் புதுப்பெயர் அல்ல. ஆன்சனுக்கு முன்பு அந்த இடத்துக்கு தெலுக் மாக் இந்தான் என்றுதான் பெயர். பழைய பெயர் வீடு திரும்பியது. நல்லது. (நம் பெரியவர்கள் பலர் இன்னும் தெலுக் ஆன்சன் என்றே சொல்கிறார்கள், அது வேறு கதை!)

நம் தோட்டங்களின் பெயர்களுக்கு என்ன ஆனது? நோவா ஸ்கோஷியா என்றால் புதிய ஸ்காட்லாந்து. செம்மோர் பக்கத்து ஸ்ட்ராத்தைலாவும் ஸ்காட்லாந்துப் பள்ளத்தாக்கின் பெயர்தான். துரைமார் தங்கள் ஊர் நினைவில் வைத்தார்கள். அந்தப் பெயர்களின் கீழ் விடியற்காலை பெரட்டுக்கு நின்று, பால் வெட்டி, பிள்ளை பெற்றது நாம். நமக்கு வாயில் வந்த பெயர் வேறு: ஏழாங்கட்டைத் தோட்டம், ஆத்தங்கரைத் தோட்டம். அந்தப் பெயர் எந்தப் பத்திரத்திலும் ஏறவில்லை.

பிறகு தோட்டங்களைத் துண்டாடி விற்றார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய்த் தாமான் வந்தது. துரை வைத்த பெயரும் போயிற்று, நாம் வைத்த பெயரும் போயிற்று. பல இடங்களில் பழைய பெயரைத் தாங்கி நிற்பது தமிழ்ப்பள்ளியின் பலகை மட்டுமே.

பெயர் போனால் என்ன, சோறு கிடைக்காதா என்று கேட்பீர்கள். எங்கள் பக்கத்து வீட்டு அக்கா சிவப்பு அடையாள அட்டையோடு பாதி வாழ்க்கையை ஓட்டியவர். லயத்து வீட்டில் மருத்துவச்சி கையால் பிறந்தவர், பிறப்புப் பத்திரம் கிடையாது. முகப்பிடத்தில் எங்கே பிறந்தீர்கள் என்று கேட்டார்கள். ஏழாங்கட்டைத் தோட்டம் என்றார். அப்படி ஓர் இடமே இல்லை என்று மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மூன்று முறை போய் வந்தார், மூன்று நாள் கூலி போனது. கடைசியில் அவர் படித்த தமிழ்ப்பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேட்டில் அவர் பெயரும் அப்பா பெயரும் தோட்டத்தின் ஆங்கிலப் பெயரும் ஒரே வரியில் இருந்தன. அந்தத் தாளைக் கொண்டுபோய்க் கொடுத்த பிறகுதான் மனுவை வாங்கிக்கொண்டார்கள்.

கோயில் கதையும் இதுதான். எந்த ஆண்டு முதல் இங்கே இருக்கிறது என்று கேட்டால், தாத்தா காலத்திலிருந்து என்கிறோம். திருவிழா நோட்டீசையோ நன்கொடை ரசீதையோ யாராவது எடுத்து வைத்திருக்கிறோமா?

அதனால்தான் உங்களை நோட்டுப் புத்தகம் கொண்டுவரச் சொன்னோம். தோட்டத்தின் ஆங்கிலப் பெயர், நம்மவர் அழைத்த பெயர், எந்த டிவிஷன், கங்காணி யார், கோயில் எந்தச் சாமிக்கு, எப்போது வெளியேறினீர்கள், இப்போது அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள். பழைய சம்பளச் சீட்டு, தடுப்பூசி அட்டை, பள்ளி விடுகைப் பத்திரம் எதையும் குப்பையில் போடாதீர்கள். படம் பிடித்துப் பிள்ளைகளின் கைப்பேசியிலும் வைத்துக்கொள்ளுங்கள். எழுதத் தெரியாதவர்கள் சொல்லுங்கள், பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள்.

பின்வரிசையிலிருந்து தொடங்குவோம். பாட்டி, நீங்கள் பிறந்தது எத்தனையாவது கட்டை?