நம்மைத் தாங்கும் 206 எலும்புகள்

(நமுனுகுலைப் பக்கத் தோட்டங்களில் நடந்த சுகாதாரக் கூட்டத்தில் தொழிலாளர் குடும்பங்களுக்கு ஆற்றிய உரை)



எலும்பைப் பற்றிப் பேசப் போறேன்னு சொன்னதும் சிலபேருக்குச் சுடுகாட்டு ஞாபகம் வந்திருக்கும். எலும்புக்கூடு என்றால் செத்துப்போன பொருள் என்றுதான் நாம நினைக்கிறோம். ஆனா இப்ப இங்க உட்கார்ந்திருக்கிற ஒவ்வொருத்தருக்குள்ளேயும் இருக்கிற எலும்பு உயிருள்ளது. அதுக்குள்ள ரத்தம் ஓடுது, நரம்பு இருக்கு. ஒரு பக்கம் பழசு கரையுது, இன்னொரு பக்கம் புதுசு கட்டுப்படுது. கை முறிந்தால் சில வாரங்களில் திரும்ப ஒட்டிக்கொள்வது அதனால்தான்.

வளர்ந்த ஒருவருக்கு 206 எலும்புகள். பிறந்த குழந்தைக்கு 270 அளவில் இருக்கும். மிச்சம் எங்கே போச்சு? எங்கேயும் போகவில்லை. வளர வளர ஒன்றோடொன்று சேர்ந்து ஒட்டிக்கொள்கின்றன. குழந்தையின் உச்சந்தலையில் மெத்தென்று இருக்குமே உச்சிக்குழி, அதுவும் இப்படி மண்டை எலும்புகள் இன்னும் மூடாத இடம்தான்.

இதில் ஒரு கணக்கைப் பாருங்க. ஒரு கையில் மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை 27 எலும்பு. ஒரு பாதத்தில் 26. இரண்டு கையும் இரண்டு பாதமும் சேர்ந்தால் 106. மொத்தத்தில் பாதிக்கு மேல! கொழுந்து கிள்ளுகிற விரலுக்கும், சறுக்கு மலையில் பிடித்து நிற்கிற பாதத்துக்கும்தான் உடம்பு இவ்வளவு எலும்பை ஒதுக்கியிருக்கு. உடம்பிலேயே நீளமானது தொடை எலும்பு. ஆகச் சின்னது காதுக்குள்ள இருக்கு, மூன்று மில்லிமீட்டர் அளவுதான்.

எலும்பு எதால் ஆனது என்று பார்க்க வீட்டிலேயே ஒரு வேலை செய்யலாம். கோழிக்கால் எலும்பு ஒன்றைச் சுத்தம் பண்ணி, வினாகிரியில் ஒரு கிழமை போட்டு வையுங்க. எடுத்தால் ரப்பர் மாதிரி வளையும். அதில் இருந்த சுண்ணாம்புச் சத்து, அதாவது கல்சியம், கரைஞ்சு போச்சு. நார் மட்டும் மிச்சம். சுண்ணாம்பு உறுதியைக் கொடுக்குது, நார் முறியாமல் கொஞ்சம் வளைய விடுது. இரண்டும் வேணும். பிள்ளைகளுக்குக் காட்டினால் மறக்க மாட்டாங்க.

"நாங்கதான் வெத்திலையோட தினமும் சுண்ணாம்பு போடுறோமே" என்று முன்வரிசையில் ஒரு பெரியம்மா சொல்றது கேட்குது. பெரியம்மா, எலும்புக்கு நல்லதுன்னு சொல்லி வெத்திலை பாக்குக்குச் சாட்சி தேடாதீங்க. பாக்கும் புகையிலையும் வாய்ப் புற்றுநோயைக் கொண்டுவரும். கல்சியம் வேணுமென்றால் நெத்தலிக் கருவாட்டை முள்ளோடு சாப்பிடுங்க, குரக்கன், முருங்கைக்கீரை, கிடைக்கிற பால், இவ்வளவும் இருக்கு.

எலும்புக்கு இன்னொரு வேலையும் உண்டு. நம்ம ரத்தம் ஊறுவது எலும்பு மச்சைக்குள்ளதான். முதுகெலும்பு, நெஞ்செலும்பு, விலா, இடுப்பு, இந்த இடங்களில் ஒவ்வொரு நொடிக்கும் இருபது லட்சத்துக்கும் அதிகமான சிவப்பணுக்கள் பிறக்கின்றன. அதற்கு இரும்புச்சத்து வேணும். சாப்பாட்டோடு சேர்த்துப் பிளேன்டி குடித்தால், சாப்பாட்டில் இருக்கிற இரும்பு சரியா உடம்பில் சேராது. தேயிலைத் தோட்டத்திலேயே நின்று தேயிலையைக் குறை சொல்றேன்னு நினைக்காதீங்க. குடிங்க, ஆனா சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழிச்சுக் குடிங்க. கர்ப்பிணித் தாய்மார் இதைக் கட்டாயம் கவனிக்கணும்.

ஆதி மனிதரின் எலும்பைப் பார்க்க நாம வெளிநாடு போகத் தேவையில்லை. நம்ம ஊவா மலையை விட்டுக் கீழே இறங்கினால் வளவை கங்கைப் பக்கம் பெல்லன்பெந்தி பெலஸ்ஸ என்று ஓர் இடம். அங்கே 1956இல் தொடங்கி பி. இ. பி. தெரணியகல தோண்டிப் பார்த்தபோது, ஆயிரக்கணக்கான வருசத்துக்கு முந்திய மனிதர்களின் எலும்புக்கூடுகள் கிடைத்தன. "பலாங்கொடை மனிதன்" என்று படித்திருப்பீர்கள், அவர்கள்தான். இரும்பு தெரியாத காலம், கல்லாயுதமும் வேட்டையும்தான் பிழைப்பு. அந்த எலும்புகளை வைத்து ஆண்களின் உயரம் சுமார் 174 சென்டிமீட்டர், பெண்களுடையது 166 என்று கணக்கிட்டிருக்கிறார்கள். தொடை எலும்பின் நீளத்திலிருந்து உயரத்தையும், இடுப்பெலும்பின் அமைப்பிலிருந்து ஆணா பெண்ணா என்பதையும், பல்லிலிருந்தும் எலும்பு நுனி சேர்ந்த விதத்திலிருந்தும் வயசையும் சொல்லிவிடலாம்.

166 சென்டிமீட்டர் என்றால் ஐந்தரை அடிக்குக் கொஞ்சம் குறைவு. இந்தக் கூட்டத்தில் எத்தனை பெண்கள் அந்த உயரம் இருப்பீங்க? கையைத் தூக்கச் சொல்லவில்லை. பரம்பரையும் ஒரு காரணம்தான், மறுக்க முடியாது. ஆனால் சாப்பாடும் காரணம். நீள எலும்புகளின் நுனியில் குருத்தெலும்பு ஒன்று இருக்கு, அங்கேதான் வளர்ச்சி நடக்குது. பதின்ம வயசு முடியிற நேரம் அது மூடிவிடும். அதுக்குப் பிறகு என்ன கொடுத்தாலும் உயரம் கூடாது. 2016ஆம் ஆண்டின் குடிசன சுகாதார மதிப்பீட்டில், நாடு முழுவதும் ஐந்து வயசுக்குக் குறைந்த பிள்ளைகளில் 17.3 வீதம் வயசுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள், தோட்டப்பகுதியில் 31.7 வீதம். மூன்றில் ஒரு பிள்ளை அளவு! கிளினிக்கில் கொடுக்கிற திரிபோஷாவை வீட்டில் எல்லோருக்கும் பங்கு போடாமல், யாருக்குக் கொடுத்தாங்களோ அந்தத் தாய்க்கும் பிள்ளைக்கும் கொடுங்க. பிள்ளைக்காம்பராவில் உயரம் அளந்தாங்களா என்று கேளுங்க. நிறை மட்டும் போதாது.

இனி முதுகெலும்பு. இதைக் கொஞ்சம் நின்று சொல்லணும், ஏனென்றால் நம்ம மருந்துக்காம்பராவுக்கு வருகிற அக்காமார் பலருக்கு இதுதான் வருத்தம்.

கழுத்தில் 7 முள்ளெலும்பு, முதுகில் 12, இடுப்பில் 5, அதுக்குக் கீழே ஒட்டிப்போன திரிகமும் வாலெலும்பும். ஒட்டகச்சிவிங்கிக்கும் கழுத்தில் ஏழுதான்! ஒவ்வொரு எலும்புக்கும் இடையில் மெத்தை மாதிரி ஒரு தட்டு, டிஸ்க் என்பார்கள். பகல் முழுக்க நின்று சுமக்கும்போது அதில் உள்ள தண்ணீர் கசிந்து, ராத்திரி படுத்தால் திரும்ப ஊறும். அதனால் காலையில் பிரட்டுக்குப் போகும்போது இருக்கிற உயரம், அந்தியில் ஒரு சென்டிமீட்டர் அளவு குறைந்திருக்கும்.

கூடைக்கயிறு தலையில் இருக்கும்போது கொழுந்தின் பாரம் கழுத்து வழியாத்தான் இறங்குது. நேபாளத்துச் சுமைகாரர்களும் நெற்றிப் பட்டையில்தான் தூக்குகிறார்கள். 2005இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அப்படிச் சுமப்பதில் அவர்களுக்கு மூச்சும் சக்தியும் ஆச்சரியப்படும் அளவுக்குக் குறைவாகச் செலவாகுது என்று கண்டார்கள். ஆக, நம்ம பாட்டிமார் கண்ட முறை முட்டாள்தனமில்லை. ஆனால் சக்தி மிச்சமாகுது என்பதற்காகக் கழுத்தெலும்பு தேயாது என்று அர்த்தமில்லை. ஈரக் கொழுந்தும் சேறும் சேர்ந்தால் பாரம் கூடும். ஆகவே கூடை நிறையக் காத்திருக்காமல் இடையில் கொட்டுங்க. கூடையைத் தூக்கும்போது இடுப்பை மடக்காமல் முழங்காலை மடக்கி எழும்புங்க. கவ்வாத்து வெட்டுகிற, கான் வெட்டுகிற அண்ணன்மாருக்கும் இதேதான்.

இடுப்புவலி பெரும்பாலும் ஓய்வில் குறையும். ஆனால் வலியோடு கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ, போகாமல் அடைத்தாலோ, தைலம் தேய்த்துக்கொண்டு இருக்காதீங்க. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

கடைசியா, மலையில் விழுந்தவரைத் தூக்குகிற விசயம். உயரத்திலிருந்து விழுந்து கழுத்தோ முதுகோ வலிக்குது என்று சொன்னால், கம்பளியில் தொட்டில் கட்டியோ கதிரையில் உட்கார வைத்தோ தூக்கவே கூடாது. முதுகெலும்பின் நடுவில் நரம்புத் தண்டு போகுது. உடைந்த எலும்பு அதை அறுத்தால் கால் இரண்டும் விழுந்துவிடும். ஆளை அசைக்காமல் வைத்து முதலில் உதவி கூப்பிடுங்க. மழை, மண்சரிவு என்று தூக்கியே ஆகணும் என்றால் கதவுப் பலகை ஒன்றைக் கழற்றி, நாலைந்து பேர் சேர்ந்து தலை, முதுகு, இடுப்பு ஒரே நேர்கோட்டில் இருக்கிற மாதிரி ஏற்றணும். ஒருத்தர் தலையை மட்டும் பிடிக்கணும்.

கை கால் முறிந்தால் இழுத்துச் சரிபண்ணாமல், இருந்தபடியே தடி வைத்துக் கட்டுங்க. கட்டினபிறகு விரல் நீலமானால், மரத்தால், கட்டைத் தளர்த்துங்க. முறிவு வைத்தியரிடம் போறவங்களை நான் தடுக்கவில்லை, ஆனால் முதலில் ஒரு எக்ஸ்றே எடுத்துவிடுங்க.

2016இல் தொடங்கிய சுவசெரிய அம்புலன்ஸ் இப்ப நம்ம மாகாணத்துக்கும் வருது, காசு இல்லை. நம்பர் 1990. பேசும்போது தோட்டத்தின் பேரை மட்டும் சொன்னால் வண்டி வழி தெரியாமல் சுத்தும். டிவிசன் பேர், பக்கத்தில் இருக்கிற கோயில் அல்லது இஸ்டோர், வண்டி எந்த இடம் வரைக்கும் ஏறும் என்பதையும் சொல்லி, அந்த இடத்தில் ஒரு பொடியனை நிறுத்தி வையுங்க.