பாடநூலை எழுத்தாளர் கையில் கொடுங்கள்



"பள்ளிப் பிள்ளைக்கு இலக்கியம் எதற்கு? தகவலைச் சொல்லிக்கொடுத்தால் போதாதா?" என்று கேட்கிறார்கள். போதாது! ஏன் போதாது என்பதற்கு ஸ்வீடன் நாட்டுச் சங்கதி ஒன்றைச் சொல்கிறேன்.

அங்கே 1868-இல் வந்த வாசிப்புப் புத்தகம், இருபதாம் நூற்றாண்டு பிறந்த பிறகும் தொடக்கப் பள்ளிகளில் புழங்கிக்கொண்டிருந்தது. அதற்கு மாற்றாக நல்ல நூல்களைக் கொண்டுவர முன்வந்தவர்கள் யார் தெரியுமா? உங்களைப் போன்ற ஆசிரியர்கள்! தொடக்கப் பள்ளி ஆசிரியர் சங்கம் 1901-இல் செல்மா லாகர்லெவ்வை அணுகியது. 'மதகுரு' என்று க.நா.சு. தமிழில் தந்தாரே, அந்த நாவலை எழுதிய அம்மையார்தான். பத்தாண்டுக் காலம் பள்ளியில் பாடம் நடத்தியவர். நம் நாட்டின் புவியியலைச் சின்னப் பிள்ளைகள் விரும்பிப் படிக்கும்படி எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள்.

மலை இத்தனை, ஆறு இத்தனை என்று பட்டியல் போட்டு அவர் மூன்றே மாதத்தில் கொடுத்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. செடிகொடி, விலங்கு, பறவை, ஊர்க்கதை என்று தேடித் தேடிப் படித்தார். வடக்கே பயணம் போய் நேரில் பார்த்தார். முதல் பாகம் வர 1906 ஆயிற்று, அடுத்தது 1907-இல்.

கதை என்ன? நில்ஸ் என்று பதினான்கு வயதுப் பையன். சோம்பேறி, வாயில்லா ஜீவன்களை வதைப்பவன். பெற்றோர் தேவாலயம் போகும்போது, பிரசங்க நூலைப் படித்து முடி என்று வீட்டில் உட்காரவைத்துவிட்டுப் போகிறார்கள். அவனோ தூங்கி வழிகிறான். பிறகு, வீட்டுக்குள் வந்த குட்டிப் பூதத்தை வலையில் பிடிக்கப்போய், தானே சாண் உயரத்துக்குச் சுருங்கிவிடுகிறான். வீட்டு வாத்தின் முதுகில் தொற்றிக்கொண்டு, காட்டு வாத்துகளோடு நாடு முழுக்கப் பறக்கிறான். மேலிருந்து பார்த்தால் பூமி கட்டம் போட்ட துணியாகத் தெரிகிறது. பச்சைக் கட்டம் ரை என்னும் தானியப் பயிர். மஞ்சள் கட்டம் அறுவடை முடிந்த தாள் நிலம். இது துணியில்லை, நம்ம ஊர் வயல் என்று அவனுக்குப் பிடிபடும்போது படிக்கிற பிள்ளைக்கும் பிடிபடுகிறது. இதைவிட நல்ல புவியியல் பாடம் எது, சொல்லுங்கள்!

குறை சொன்னவர்களும் உண்டு. சமயபோதனை இல்லை என்றார்கள். விலங்கியல் பிசகுகிறது என்றார்கள். ஸ்வீடனின் ஹாலண்டு மாகாணத்துக்குத் தனி அத்தியாயமே இல்லை. அந்த ஊர்க்காரர்களுக்கு வருத்தம் வந்ததில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தப் புத்தகம் வகுப்பறையைத் தாண்டி எத்தனையோ மொழிகளுக்குப் போனது. குறை சொன்னவர்களால் அப்படி ஒரு பக்கம் எழுத முடிந்ததா?

அதே பள்ளி வாசிப்பு நூல் வரிசையில் ஸ்வீடன் வரலாற்றைக் கதைகளாக எழுதியவர் ஹைடன்ஸ்டாம். லாகர்லெவ்வுக்கு 1909-இல் நோபல் பரிசு, இவருக்கு 1916-இல். பிள்ளைகளுக்காக எழுதியபோது இருவரும் அந்தப் பரிசைப் பெற்றிருக்கவில்லை. எழுத்தின் தரத்தைப் பார்த்தே ஆசிரியர்கள் அவர்களைத் தேடிப் போனார்கள்.

இங்கே எழுத்தாளரை எப்போது தேடுகிறோம்? அவர் என்றோ எழுதிய கதையை வெட்டிச் சுருக்கிப் பாடமாக வைக்கும்போதுதான்! பிள்ளைகளுக்கென்று புதிதாக எழுதித் தாருங்கள் என்று எத்தனை பேரிடம் கேட்டிருக்கிறோம்?

ஆசிரியர்களே, உங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் தீர்மானம் போடுங்கள். நல்ல எழுத்தாளர் ஒருவரை நீங்களே தேர்ந்தெடுங்கள். ஐந்தாண்டு அவகாசமும் பயணச் செலவும் உரிய ஊதியமும் கொடுத்து, ஒரே ஒரு வகுப்புக்கு ஒரு வாசிப்பு நூலை எழுதி வாங்குங்கள்.