நகரசபைப் படியேறிச் சட்டசபைக்கு
(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பால்மரம் வெட்டும் நம்மவரும் கிராணிமார்களும் சட்டசபை நமக்கு எட்டாத இடம் என்று எண்ணுவதுண்டு. அந்த எண்ணத்தைப் போக்க ஒருவர் வரலாற்றைச் சொல்கிறேன்.

ஜெ. சிவசண்முகம் பிள்ளை 1901-இல் பிறந்த ஆதிதிராவிடர். நம் முன்னோர் பலர் கப்பலேறிய அதே சென்னை மாகாணத்துக்காரர். தீண்டாமை தலைவிரித்தாடிய காலத்தில் சென்னை மாநகராட்சியில் உறுப்பினராக அமர்ந்தார். குழாய்த் தண்ணீர், சாக்கடை, தெருவிளக்கு இவைதான் அங்கே அன்றாடப் பேச்சு. 1937-இல் மேயரானார். அவர் சமூகத்திலிருந்து அந்த நாற்காலிக்கு வந்த முதல் மனிதர் அவரே.

1946-இல் சட்டசபையின் சபாநாயகரானார். 1955 வரை இருந்தார். 1952 தேர்தலில் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. அவ்வாண்டு ஜூலையில் ராஜாஜி மந்திரிசபை 200-க்கு 151 என்ற வாக்கில் நம்பிக்கை பெற்றபோது சபையை நடத்தியவர் அவர். ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட சமூகத்தின் மகன் முன்னே மந்திரிகள் எழுந்து நின்று பேசினர்!

தோழர்களே, ஏணிக்கு முதல் படி வேண்டும். ஜார்ஜ் டவுனில் 1957-இல் டி.எஸ். ராமநாதன் முதல் மேயரானதும் அந்தப் படியில்தான். ஆனால் மலேசியாவில் 1965-இல் உள்ளாட்சித் தேர்தல் நிறுத்தப்பட்டது. 1976-ஆம் ஆண்டுச் சட்டம் அதை அடியோடு அகற்றியது. இன்று நகரசபை உறுப்பினர் பதவி நியமனமே.

இழந்த படியைக் கேட்போம். அதுவரை சங்கத் தேர்தலே நமக்கு முதல் படி. கிளைக் கூட்டத்துக்கு வாருங்கள்; வாய் திறந்து பேசுங்கள்.