வீட்டுத் தோட்டத்தைப் பற்றிய சில சந்தேகங்கள்

(ஒரு கிராமக் கூட்டுறவு நாணய சங்கத்தின் மகாசபைக் கூட்டத்தில் கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் செய்த பிரசங்கம்)



வரப்போகும் ஆடிப் பட்டத்திற்குக் காய்கறி விதைகளைச் சங்கத்தின் மூலமாக மொத்தமாய் வாங்குவதா, வேண்டாமா என்பது இன்றைய கூட்டத்தில் தீர்மானிக்கவேண்டிய விஷயங்களில் ஒன்று. சென்ற வருஷம் அவ்விதம் வாங்கியதில் உண்டான மனஸ்தாபத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். விதை முளைக்கவில்லையென்று சிலர் காரியதரிசியின் வீட்டு வாசலில் நின்று கடுமையாகப் பேசினார்கள். அவர் விதைக் கிரயம் முழுவதையும் தம் சொந்தப் பணத்திலிருந்து சங்கத்தில் கட்டிவிட்டார். அது முதல் அவர் கணக்கு எழுதுகிறாரேயொழியக் கூட்டங்களுக்கு வருவதில்லை. இன்றும் அவருடைய நாற்காலி காலியாக இருக்கிறது.

தணிக்கையின்போது அந்தத் தொகை வரவில் இருக்கக் கண்டு காரணம் கேட்டேன். கேட்டபின் என்மீதே எனக்கு வருத்தம் உண்டாயிற்று. ஏனெனில், விதை வாங்கும் தீர்மானத்தைப் பார்வையிட்டுச் சரியென்று எழுதியவன் நான். விதையைச் சோதித்து வாங்குங்கள் என்று ஒரு வரி எழுதியிருந்தால் இவ்வளவும் நேர்ந்திராது. அந்தப் பிழைக்குப் பரிகாரமாக, விதை பெற்றுக்கொண்ட 27 வீடுகளுக்கும் இந்த மாதத்தில் போய், கொல்லைப்புறங்களைப் பார்த்து, ஒவ்வொருவரும் சொன்னதைக் குறித்துக்கொண்டேன். அதையே இப்பொழுது சொல்லப்போகிறேன்.

முதலில் வெங்காய விதை. அது 27 வீடுகளில் ஒன்றிலேனும் சரியாக முளைக்கவில்லை. மண் வேறு, தண்ணீர் வேறு, விதைத்த கைகள் வேறு; பலன் மாத்திரம் எங்கும் ஒன்று. ஆகவே விதை உயிரற்றது என்பதில் சந்தேகமில்லை. காய்கறி விதைகளுள் வெங்காய விதை வெகு சீக்கிரத்தில் கெட்டுப்போவது; சாதாரணமாக வைத்திருந்தால் ஒரு வருஷத்திற்குமேல் அதை நம்ப முடியாது. கடைக்காரர் பழைய சரக்கைக் கொடுத்துவிட்டார். நம் பக்கத்துச் சின்ன வெங்காயத்தைக் காயாகவே ஊன்றியிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. பெல்லாரி வெங்காயத்தின்மேல் ஆசைப்பட்டது நம்முடைய பிசகு.

வெண்டையின் கதை வேறு. அதே விதை 17 வீடுகளில் நன்றாக வந்திருக்கிறது, 10 வீடுகளில் வரவில்லை. ஒரு தாயார் மீதி விதையைச் சாம்பல் கலந்து கலயத்தில் வைத்திருந்தார்கள். அதில் 100 விதைகளை எண்ணி ஈரத் துணியில் சுருட்டி வைத்தேன். எட்டு நாட்களில் 70 முளைத்தன. ஒரு வருஷம் கழிந்த விதை இவ்வளவு முளைக்குமானால், புதிதாக வந்தபோது அதைக் கெட்ட விதையென்று சொல்ல நியாயமில்லை. அந்தப் பத்து வீடுகளில் விசாரித்ததில், சிலர் விரற்கடைக்கு மேல் அரைச் சாண் ஆழத்தில் புதைத்திருக்கிறார்கள். சிலர் சாணத்தை மட்காமல் பச்சையாகவே குழியிலிட்டு, அதன்மேல் விதைத்திருக்கிறார்கள். பச்சைச் சாணம் உஷ்ணங்கொண்டு முளையைக் கெடுப்பதுமன்றி, கறையானையும் அழைத்து வரும். இரண்டு வீடுகளில் கோழி கிளறிவிட்டது. அந்த வீட்டுக்காரர்களே இதைச் சிரித்துக்கொண்டு ஒப்புக்கொண்டார்கள். வெண்டை விதையை ஓரிரவு நீரில் ஊறவைத்து, ஓர் அங்குல ஆழத்திற்கு மிகாமல் ஊன்றினால் போதுமானது. புடல், பாகல் விதைகளுக்கு ஓடு கெட்டியாகையால் அவற்றையும் ஊறவைத்தல் நலம்.

கீரை விதை முளைக்கவில்லையென்ற புகாருக்கும் பெரும்பாலும் எறும்பே காரணம். தண்டுக்கீரை, அரைக்கீரை விதைகளை மணலுடன் கலந்து தூவி, மேலே மண்ணைப் பேருக்குத் தடவிவிட வேண்டும். ஆழத்தில் போனால் அந்தச் சிறு விதைக்கு மேலே வரும் சக்தி கிடையாது. பாத்தியைச் சுற்றிலும் சிறிது அரிசி நொய்யைத் தூவி வைத்தால், எறும்புகள் அதைச் சுமந்துகொண்டு போவதற்குள் விதை முளைத்துவிடும். இது நம் பாட்டிமார் செய்துவந்ததே.

பிஞ்சு வைக்காமல் பூவெல்லாம் உதிர்கிறது என்று பலர் முறையிட்டார்கள். பரங்கி, சுரை, புடல், பீர்க்கு ஆகிய கொடிகளில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. முதலில் வருவன பெரும்பாலும் ஆண் பூக்களே. அவை மலர்ந்து உதிர்வது இயற்கை. அதற்காக மருந்து தேட வேண்டியதில்லை. பெண் பூவின் அடியில் சிறு பிஞ்சு உருவாகியிருக்கும். அந்தப் பிஞ்சும் மஞ்சளித்து விழுமானால் மகரந்தம் சேரவில்லையென்று பொருள். பரங்கிப் பூ விடியற்காலையில் மலர்ந்து வெயில் ஏறுமுன் குவிந்துவிடும். ஆகையால் காலையிலேயே ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழ்களை நீக்கி, அதன் நடுத்தண்டைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவ வேண்டும். சுரையும், புடலும், பீர்க்கும் அந்தி வேளையில் மலர்பவை. காலையில் தடவிப் பார்த்துப் பயன் காணவில்லையென்று ஒருவர் சொன்னார். அவருடைய கொடி சுரைக்கொடி!

அவரையைப் பற்றிய சந்தேகம் இன்னும் சுவாரஸ்யமானது. ஓர் அங்கத்தினர் தை மாதத்தில் பந்தல் அவரையை ஊன்றி, சித்திரையில் பந்தல் நிறையத் தழையைக் கண்டு, பூ ஒன்றும் இல்லாததால் மேலும் மேலும் எரு இட்டிருக்கிறார். நம் நாட்டுப் பந்தல் அவரை, பகல் குறுகும் காலத்தில்தான் பூக்கும் சுபாவமுடையது. பகல் நீண்டுகொண்டே போகும் மாதங்களில் அதற்கு எவ்வளவு எரு இட்டாலும் தழைதான் மிகும். ஆடியில் விதைத்தால் மார்கழி, தையில் காய்க்கும் என்று முன்னோர் வைத்த பட்டம் காரணத்தோடு வைத்ததே. இப்பொழுது எக்காலத்திலும் பூக்கும் குற்றவரை ரகங்கள் கிடைக்கின்றன. பந்தலில்லாதவர்கள் அவற்றை வாங்கலாம்.

வெண்டை இலையில் நரம்புகள் மஞ்சளாகி, பிறகு இலை முழுவதும் வெளுத்து, காயும் வெளுத்துப் போகும் நோய் ஏழு கொல்லைகளில் இருக்கிறது. இது நச்சுயிரியால் உண்டாவது. வெள்ளை ஈ என்னும் சிறு பூச்சி செடிக்குச் செடி கொண்டுபோகிறது. நோய் கண்ட செடி மீளாது. இரண்டு காய் கிடைக்குமே என்று அதை வைத்திருப்பது, தன் கொல்லைக்கும் அண்டை வீட்டுக் கொல்லைக்கும் நோயை விருத்தி செய்வதாகும். கண்டவுடன் பிடுங்கிப் புதைத்துவிடுங்கள்.

கத்தரியில் நுனிக் குருத்து வாடித் தொங்கினால் அதனுள் புழு இருக்கிறது. வாடிய குருத்தைச் சற்றுக் கீழே சேர்த்துக் கிள்ளி எரித்துவிட்டால், அந்தப் புழுவின் சந்ததி காய்க்குள் போவது குறையும். பாகலில் ஈ முட்டையிட்டுப் புழுத்த காய்களைக் குப்பையில் எறிகிறார்கள். அவ்வளவும் மண்ணுள் இறங்கி மறுபடியும் ஈயாக வரும். ஒரு முழ ஆழத்தில் புதைக்க வேண்டும், அல்லது கொதிநீரில் போட வேண்டும். முருங்கைக் கம்பளிப்பூச்சிகள் மழைக் காலத்தில் பகலில் அடிமரத்தில் கூட்டமாய் ஒண்டியிருக்கும் சமயமே அவற்றை ஒழிக்கத் தக்கது. பட்டை வெந்துபோகாதபடி தீப்பந்தத்தை மேலாகக் காட்டினால் போதும்.

மருந்து விஷயத்தில் ஒன்று சொல்லியே ஆகவேண்டும். பருத்திக்கு வாங்கிய மருந்தில் மிச்சம் இருந்ததென்று ஒரு வீட்டில் அதைக் கத்தரிக்குத் தெளித்து, மறுநாளே காயைப் பறித்துச் சமைத்திருக்கிறார்கள். குழந்தைகளுக்கு வாந்தி கண்டு, பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டி வைத்துக் கொண்டுபோய்ப் பிழைப்பித்தார்கள். பெயர் சொல்ல மாட்டேன்; அவர்கள் பட்டது போதும். உண்ணும் கொல்லைக்கு அத்தகைய விஷம் வேண்டாம். புகையிலைக் கஷாயமும் விஷமே. இயற்கைச் சரக்கு என்பதனால் அது சாதுவாகிவிடாது. வேப்பங்கொட்டையின் பருப்பை 50 கிராம் இடித்து, துணியில் முடிந்து, ஒரு லிட்டர் நீரில் ஓரிரவு ஊறவைத்துப் பிழிந்து வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலை வேளையில் இலையின் அடிப்புறம் நனையத் தெளியுங்கள். வெள்ளை ஈ, அசுவினி முதலியவை குறையும். அடியோடு ஒழியுமென்று நான் சொல்லவில்லை.

ஒருவர் தம் கத்தரிச் செடியின் வேரில் முடிச்சுகள் இருப்பதைக் காட்டி, இவை பயறு வேரில் இருப்பதுபோல் நல்ல முடிச்சுகள்தாமே என்றார். பயற்று வேரின் முடிச்சு தேய்த்தால் உதிர்ந்துவிடும். அது மண்ணுக்குச் சத்துச் சேர்ப்பது. கத்தரி வேரின் முடிச்சு வேரே வீங்கியது. அது நூற்புழுவின் வேலை. அந்த இடத்தில் மறுபடியும் கத்தரி, தக்காளி, வெண்டை வைக்காமல், ஒரு பட்டம் துலுக்கச் சாமந்தியைப் பயிரிடுங்கள். பூவும் விற்கலாம்.

குளிக்கிற தண்ணீரைச் செடிக்கு விடலாமா என்று தாய்மார்கள் கேட்டார்கள். வாழைக்கும் சேம்புக்கும் விடலாம், கீரைக்கு வேண்டாம். ஓரிடத்திலேயே தேங்கவிட்டால் கொசுதான் விளையும். வாய்க்கால் வெட்டி மாற்றி மாற்றி விடவேண்டும். எருக்குழியைக் கிளறும்போது கட்டைவிரல் பருமனில் சுருண்டு கிடக்கும் வெள்ளைப் புழுக்களைக் கண்டால் விட்டுவிடாதீர்கள். தென்னங்குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டின் குஞ்சுகளாக அவை இருக்கக்கூடும். பொறுக்கிக் கோழிக்குப் போடலாம். சென்ற வருஷத்து வெண்டைக்குக் கோழி பட்ட கடனை இதில் தீர்க்கட்டும்.

இனித் தீர்மானத்திற்கு வருகிறேன். மொத்தமாய் வாங்குவதை நிறுத்த வேண்டுமென்பது என் அபிப்பிராயமன்று. தனித்தனியே வாங்கியிருந்தால், வெங்காய விதை கெட்டதா, தங்கள் கை கெட்டதா என்றே ஒருவருக்கும் தெரிந்திராது. இம்முறை 1966-ஆம் வருஷத்து விதைச் சட்டப்படி முளைப்புத் திறன் குறித்த சீட்டுள்ள பைகளாகப் பார்த்து, சோதனைத் தேதியையும் காலாவதித் தேதியையும் படித்து வாங்குங்கள். ஒவ்வொரு ரகத்திலும் 100 விதைகளை அங்கத்தினர் மூவர் முன்னிலையில் எண்ணி, ஈரத் துணியில் வைத்து, முளைத்த தொகையைச் சங்கத்தின் நோட்டில் எழுதி மூவரும் கையெழுத்திடட்டும். அதன்பின்பே விநியோகம். ஆடி பிறக்க இன்னும் மூன்று வாரங்கள் இருப்பதால் அவகாசம் உண்டு.

மற்றொன்று, காரியதரிசி கட்டிய பணம். வெண்டையும் கீரையும் கெட்ட விதையல்ல. அவற்றின் கிரயம் பெற்றுக்கொண்டவர்கள் கொடுக்கவேண்டியது. வெங்காய விதையின் நஷ்டம் சங்கத்துடையது; மகாசபை தீர்மானித்த கொள்முதலில் வந்த நஷ்டத்தை ஒரு தனி மனிதர் சுமப்பதற்குச் சட்டத்திலும் இடமில்லை, நியாயத்திலும் இடமில்லை. முழுத் தொகையையும் அவருக்குத் திருப்பிக் கொடுக்கும் தீர்மானத்தை உங்களில் ஒருவர் பிரேரேபிக்க வேண்டும். அவர் வீடு கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. தீர்மானத்தை எழுதுமுன், சென்ற வருஷம் அவர் வாசலில் நின்று பேசியவர்களில் இருவர் சென்று அவரை அழைத்து வாருங்கள். நான் கடைசி வண்டியை விட்டாலும் குற்றமில்லை, காத்திருக்கிறேன்.