அழுகைக்கும் ஒரு சுருதி

1959, இங்கிலாந்தின் சன்ஃபீல்ட் குழந்தைகள் இல்லம். பியானோ முன்னால் அமெரிக்க இசையமைப்பாளர் பால் நார்டாஃப். குழந்தையின் பக்கத்தில் ஆசிரியர் கிளைவ் ராபின்ஸ். பாட்டு வகுப்பு இல்லை இது, இசைச் சிகிச்சை. குழந்தை டிரம்மைத் தட்டினால் அதே வேகத்தில் பியானோவும் போகும். அழுதால் அந்த அழுகையின் சுருதியிலேயே ஒரு பாட்டு. தான் செய்வதற்குப் பதில் வருகிறது என்று பிள்ளைக்குப் பிடிபட வேண்டும், அவ்வளவுதான்.

இந்த இசைச் சிகிச்சையால் ஆட்டிசம் குணமாகிவிடுமா? ஒன்பது நாடுகளில் 364 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2017இல் வெளியானது. அறிகுறிகள் குறிப்பிடும்படி குறையவில்லை என்றது. அதனால் ‘குணமாக்குகிறோம்’ என்று காசு கேட்பவர்களிடம் உஷார்!

ஆனால் இந்தப் பதில் விளையாட்டை வீட்டிலும் விளையாடலாம். பிள்ளைக்குப் பழகிய தாலாட்டில் கடைசிச் சொல்லைப் பாடாமல் நிறுத்துங்கள். அவசரப்படாமல் காத்திருங்கள். ஒரு பார்வையோ முனகலோ வந்தால், அதையே பதிலாக எடுத்துக்கொண்டு மேலே பாடுங்கள்.