கண் விழிப்பு
(சிவராத்திரி இரவில் சங்க மண்டபத்தில் ஆற்றிய உரை)



‘விழிப்பு’ என்னும் பொருளில் பேசுமாறு பணித்தார்கள். ஆன்ம விழிப்பைப் பற்றிப் பேச என்னிலும் தகுதி வாய்ந்த பெரியோர் பலர் இங்கே அமர்ந்திருக்கிறார்கள். நான் சொல்லவிருப்பது வெறும் கண் விழிப்பைப் பற்றி. நான்கு யாமமும் தூங்காதிருப்பது எப்படி என்பதிலும் பார்க்க, விடிந்த பின் வீடு போய்ச் சேருவது எப்படி என்பதே என் கவலை.

காரணம் உண்டு. சென்ற ஆண்டு இதே இரவில் ஒரு கணமும் தூங்கவில்லை என்ற பெருமையோடு அதிகாலை ஐந்தரை மணிக்கு மோட்டார் சைக்கிளில் புறப்பட்டேன். பின்னால் தம்பி இருந்தான். அடுத்து எனக்கு நினைவு வந்தபோது இருவரும் வீதியோரக் கானுக்குள் கிடந்தோம். தம்பிக்குக் கை முறிந்திருந்தது. நான் தூங்கினேன் என்பதே எனக்குத் தெரியாது. களைத்த மூளை சில விநாடிகள் தானாகவே உறங்கிவிடும். கண் திறந்திருக்கும்போதுகூட அது நடப்பதுண்டு.

1997ஆம் ஆண்டு டோசன், ரீட் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் ‘நேச்சர்’ சஞ்சிகையில் ஒரு செய்தி வெளியிட்டார்கள். 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கையும் கண்ணும் இணங்கி வேலை செய்யும் திறன், இரத்தத்தில் 0.05 வீதம் மதுசாரம் உள்ளவரின் நிலைக்கு இறங்கிவிடுகிறதாம். காலை ஆறு மணிக்கு எழுந்தவர் இரவு பதினொரு மணிக்கே அந்த நிலைக்கு வந்துவிடுகிறார். ஆகவே, ஒரு துளி கள்ளும் அறியாத நம் தொண்டர்கள் இப்போது எந்த நிலையில் இருக்கிறார்கள் என்பதைப் பெரியோர்களே கணக்கிட்டுக் கொள்ளுங்கள்!

“தேத்தண்ணி இருக்கிறதே” என்பீர்கள். ஊவாத் தேயிலையைக் குறைத்துப் பேசிவிட்டு இந்த மாகாணத்தில் நான் குடியிருக்க முடியாது. ஆனால் உண்மை இதுதான். மூளை உழைக்க உழைக்க அதில் அடினோசின் என்னும் பொருள் சேருகிறது. அது தன் ஆசனத்தில் அமரும்போது தூக்கம் வருகிறது. தேநீரிலுள்ள கஃபீன் முந்திப்போய் அந்த ஆசனத்தைப் பிடித்துக்கொள்கிறது. வந்த விருந்தாளி திரும்பிப் போவதில்லை; வாசலிலேயே காத்து நிற்கிறார். கஃபீன் எழுந்ததும் உள்ளே வந்துவிடுவார்.

நம் மொனராகலைச் சேனைக்காரர்கள் இதை நன்கறிவார்கள். யானையிடமிருந்து பயிரைக் காக்கப் பரணில் இரவைக் கழிப்பவர்கள் அவர்கள். தூக்கத்தையும் தனிமையையும் விரட்ட அவர்கள் பாடும் பாட்டுக்குச் சிங்களத்தில் ‘பெல் கவி’ என்று பெயர். எங்கள் அயலிலுள்ள சிங்களப் பெரியவர் ஒருவர் சொன்னார்: “பாட்டு நின்றுவிட்டால் அடுத்த பரணிலிருந்து குரல் கொடுப்போம்.” தான் தூங்குவதைத் தானே அறிய முடியாதவனுக்கு வேறொரு காது வேண்டியிருக்கிறது. அகநானூற்றின் 102ஆம் பாட்டிலோ கதை வேறு. காவற்காரக் கானவன் கள்ளுண்டு பரணில் கிடக்க, கொடிச்சி குறிஞ்சிப் பண் பாடுகிறாள். தினை தின்ன வந்த யானை அதைக் கேட்டு நின்ற இடத்திலேயே உறங்கிப்போகிறது. நம் ஊர் யானைகளுக்கு அவ்வளவு இசை ஞானம் இல்லை.

என் தாயார் இறப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டுபவர். அதிகாலையிலே பால் நன்றாக ஓடும் என்பதால் இருட்டிலேயே எழுந்துவிடுவார். பகலில் வாசற்படியில் தலை சாய்த்துப் பதினைந்து நிமிடம் தூங்குவார். பகல் தூக்கம் சோம்பேறிக்கு உரியதென்று மிஷன் பாடசாலை விடுதியில் படித்துவந்த நான், அதைக் கண்டு சிரித்ததுண்டு. அந்தச் சிரிப்பை நினைக்க இன்று வெட்கமாயிருக்கிறது. களைப்புக்கு மருந்து உறக்கம் ஒன்றே. இருபது நிமிடம் போதும். அதற்கு மேல் போனால் ஆழ்ந்த உறக்கத்திலிருந்து எழுந்து தடுமாற நேரிடும். தேநீரைக் குடித்துவிட்டு உடனே படுப்பது இன்னும் நல்லது. கஃபீன் வேலை செய்ய ஏறக்குறைய அரைமணி நேரமாகும். எழும்போது இரண்டின் பலனும் கிடைக்கும்.

ஆதலால், பூசை முடிந்ததும் வாகனம் ஓட்டிச் செல்ல இருப்பவர்கள் மண்டபத்தின் பின்னறையில் படுத்து எழுந்த பின்னரே சாவியைத் தொட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எழுப்பிவிடும் பொறுப்பைத் தம்பி ஏற்றிருக்கிறான். பத்துப் பாய் கேட்டேன். செயலாளர் அவர்கள் ஆறு தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மீதி நான்கையும் யாராவது பெரியவர் மனமுவந்து கொடுக்க வேண்டும்.